பிரா அளவும் பொருத்தமும்: தையல் மேஜையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினெட்டு வருடமாகப் பிளவுஸ் தைக்கிறேன். "பிளவுஸ் சரியா உட்காரலை" என்று திரும்பி வருகிறவர்களில் பலருக்குக் குறை பிளவுஸில் இருக்காது, உள்ளே போட்டிருக்கும் பிராவில் இருக்கும். அதைச் சொன்னதும் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, ஒவ்வொருவரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே கீழே தொகுத்திருக்கிறேன்.

34 பி-ன்னு போட்டிருக்கே, அதுல 34 என்ன, பி என்ன?

34 என்பது மார்புக்குக் கீழே உடம்பைச் சுற்றிப் போகும் பட்டியின் அளவு. பி என்பது கப் எவ்வளவு கொள்ளும் என்பது. இதில் பலரும் தவறவிடும் விஷயம், அந்த எழுத்துக்குத் தனியாக அர்த்தம் கிடையாது. 'டி கப்' என்றால் பெரிய மார்பு என்று நினைக்கிறோம், ஆனால் 32 டி-யின் கப்பும் 36 பி-யின் கப்பும் கொள்ளளவில் ஒன்றுதான். பட்டி பெரிதாகப் பெரிதாக அதே எழுத்துள்ள கப்பும் சேர்ந்து பெரிதாகும்.

இன்னொன்று, மார்பின் எடையைத் தாங்க வேண்டியது பட்டி. ஸ்ட்ராப் கப்பை அதன் இடத்தில் நிறுத்தி வைக்கிறது, அவ்வளவுதான். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை இதிலேயே இருக்கிறது.

காலேஜ்ல இருந்து 34தான் போடுறேன், மறுபடி ஏன் அளக்கணும்?

காலேஜில் போட்ட செருப்பு இன்னும் சேர்கிறதா என்று பார்த்தால்கூடச் சிலருக்குச் சேரும், பிரா அப்படியில்லை. உடம்பு எடை ஐந்து கிலோ ஏறி இறங்கினாலே மாறும், பிள்ளைப்பேறு, பால் நிறுத்துவது, சில ஹார்மோன் மாத்திரைகள், நாற்பதைத் தாண்டுவது எல்லாமே மாற்றும். அப்புறம், அந்த முதல் 34-ஐ உங்களுக்குச் சொன்னது யார்? பெரும்பாலும் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர் ஒரு பார்வை பார்த்துச் சொன்னதாக இருக்கும், இல்லையென்றால் அம்மா தன் அளவையே வாங்கிக் கொடுத்திருப்பார். வருடத்துக்கு ஒரு முறை அளந்தால் போதும்.

வீட்லயே எப்படி அளக்கிறது?

ஒரு இஞ்ச் டேப், ஒரு கண்ணாடி. மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் அளக்காதீர்கள், அப்போது மார்பு வீங்கியிருக்கும். பேட் இல்லாத மெல்லிய பிரா போட்டுக்கொண்டோ ஒன்றும் போடாமலோ நின்று, டேப்பை மார்புக்கு நேர் கீழே சுற்றுங்கள். முதுகில் டேப் இறங்காமல் தரைக்கு இணையாக இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்து, மூச்சை வெளியே விட்டு, உடம்போடு ஒட்டி இறுக்கமாக எடுங்கள். இது கீழ்ச்சுற்று. இரண்டாவது, மார்பின் எடுப்பான இடத்தைச் சுற்றி, இறுக்காமல், டேப் சும்மா படிகிற அளவில். இது மார்புச்சுற்று. மார்பு கொஞ்சம் தளர்ந்தோ கனமாகவோ இருந்தால் இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து இன்னொரு முறை மார்புச்சுற்றை எடுத்து, இரண்டுக்கும் நடுவில் உள்ள எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். நிமிர்ந்து நின்று மட்டும் அளந்தால் கீழே தொங்கும் பகுதி கணக்கில் வராமல் போய்விடும்.

சென்டிமீட்டரிலும் குறித்துக்கொள்ளுங்கள். ஏன் என்பது அடுத்த பதிலில்.

ஒரு கணக்குல 34 பி வருது, இன்னொரு கணக்குல 30 ஈ வருது. தலை சுத்துது, எது சரி?

இரண்டு கணக்குகள் புழக்கத்தில் இருப்பதால் வரும் குழப்பம் இது. பழைய கணக்கு கீழ்ச்சுற்றோடு 4 இஞ்ச் கூட்டும், ஒற்றைப்படை எண் வந்தால் 5 கூட்டும். உங்கள் கீழ்ச்சுற்று 30, மார்புச்சுற்று 36 என்றால் 30+4=34, மிச்சம் 2 இஞ்ச். 1 இஞ்ச் வித்தியாசம் ஏ, 2 பி, 3 சி, 4 டி. ஆக 34 பி. புதிய கணக்கு எதையும் கூட்டாது, பட்டி 30, வித்தியாசம் 6, அதாவது இங்கிலாந்துக் கணக்கில் (4 டி, 5 டிடி, 6 ஈ) 30 ஈ. ஒரே உடம்புதான்!

நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பிராக்கள் பெரும்பாலும் பழைய கணக்கை ஒட்டியவை. பெட்டியின் பின்பக்க அட்டவணையைப் பாருங்கள், பல பிராண்டுகளில் கீழ்ச்சுற்று 68 முதல் 72 செ.மீ. வரை 32 என்றும், 73 முதல் 77 வரை 34 என்றும், 78 முதல் 82 வரை 36 என்றும் இருக்கும். உங்கள் சென்டிமீட்டர் எந்த வரிசையில் விழுகிறதோ அங்கே தொடங்குங்கள். ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். இப்போதைய துணிகள் நன்றாக இழுபடுகின்றன, அதனால் அட்டவணை சொல்லும் பட்டி நிறையப் பேருக்கு, குறிப்பாகச் சதைப்பிடிப்பான முதுகு உள்ளவர்களுக்கு, லூசாகத்தான் இருக்கும். மேலே சொன்ன உடம்புக்கு நானென்றால் 34 பி-யோடு 32 சி-யையும் 32 டி-யையும் சேர்த்து எடுத்துப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். கடைசி முடிவு கண்ணாடி முன்னால்தான், பெட்டியில் இல்லை.

கடையில 34 சி இல்லை, 36 சி எடுத்துக்கோங்க, ஒண்ணும் ஆகாதுங்கிறாங்களே?

ஆகும். பட்டியும் லூஸ், கப்பும் பெரிசு. பட்டி ஒரு அளவு ஏறினால் கப் ஒரு எழுத்து இறங்க வேண்டும், அப்போதுதான் கொள்ளளவு மாறாது. 34 சி இல்லையென்றால் 36 பி அல்லது 32 டி. இந்த இரண்டில் எது என்று கேட்டால், புதிதாக வாங்கும்போது இறுக்கமான பக்கம் போவதே மேல், எலாஸ்டிக் எப்படியும் தளரும்.

வெளிநாட்டுப் பெட்டி வந்தால் பயப்பட வேண்டாம். ஐரோப்பிய 75 என்பது நம் 34, 80 என்பது 36. பாண்டிச்சேரிக் குடும்பங்களில் பிரான்ஸிலிருந்து சித்தி கொண்டுவரும் பெட்டியில் 90 என்றிருக்கும், பார்த்தவுடன் "இது யாருக்கு, யானைக்கா?" என்று சிரிப்பார்கள். பிரெஞ்சு எண்ணில் 15 கழித்தால் ஐரோப்பிய எண். அந்த 90-உம் 34-தான்.

போட்டுப் பார்க்கும்போது எதை எதையெல்லாம் கவனிக்கணும்?

முதலில் போடும் விதம். கொக்கியை மாட்டியபின் முன்னால் குனிந்து, அக்குள் பக்கம் கையை விட்டு மார்பு முழுவதையும் கப்புக்குள் இழுத்துவிட்டு நிமிருங்கள். இதைச் செய்யாமல் போட்டால் ஒரு பாகம் அக்குளிலேயே தங்கிவிடும், கப் பொருந்துவது போலப் பொய்யாகத் தெரியும். நான் பார்த்தவரை இந்த ஒரு அசைவிலேயே பலருக்குக் கப் சின்னது என்று தெரிந்துபோகும்.

புதுப் பிராவைக் கடைசி வரிசைக் கொக்கியில், அதாவது அதிகம் லூசான வரிசையில் மாட்டும்போதே பட்டி கச்சிதமாக இருக்க வேண்டும். உள் வரிசைகள் பிற்பாடு எலாஸ்டிக் தளரும்போது இறுக்கிக்கொள்ள. பட்டிக்கு அடியில் இரண்டு விரல் நுழையலாம், முழுக் கை நுழைந்தால் பெரிது. பக்கவாட்டில் பார்த்தால் பட்டி முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் ஓட வேண்டும். கம்பி வைத்ததாக இருந்தால் இரண்டு கப்புக்கும் நடுவில் உள்ள துண்டு நெஞ்செலும்பில் படிய வேண்டும். இரண்டு கையையும் தூக்குங்கள், உட்காருங்கள், குனிந்து எழுந்திருங்கள்.

டிரையல் ரூம் இல்லாத கடையாக இருந்தால்? ஒன்றே ஒன்று வாங்கி, அட்டையைக் கிழிக்காமல், வீட்டில் மெல்லிய பனியன் மேல் போட்டுப் பாருங்கள். உள்ளாடையைத் திருப்பி எடுப்பார்களா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள், பல கடைகள் எடுப்பதில்லை. மூன்று ஒரே அளவில் வாங்கிவந்து பீரோவில் அடுக்கிவைத்து வருந்துகிறவர்கள் ஏராளம்.

முதுகுப் பக்கம் மேலே மேலே ஏறிக்கிட்டே போகுது

பட்டி பெரிது. லூசான பட்டியை முன்பக்க எடை கீழே இழுக்கிறது, பின்பக்கம் மேலே போகிறது. உள் கொக்கிக்கு மாறுங்கள், அது ஏற்கெனவே உள் கொக்கியில்தான் இருக்கிறது என்றால் ஒரு பட்டி குறைத்து ஒரு கப் ஏற்றுங்கள்.

தோள்ல பள்ளம் விழுந்து கறுத்தே போச்சு. அகல ஸ்ட்ராப் வாங்கட்டுமா?

அகல ஸ்ட்ராப் கொஞ்சம் இதமாக இருக்கும், காரணத்தைத் தீர்க்காது. பட்டி தன் வேலையைச் செய்யாததால் நீங்கள் ஸ்ட்ராப்பை இறுக்கிக்கொண்டே போயிருக்கிறீர்கள். ஒரு சோதனை: ஸ்ட்ராப் இரண்டையும் தோளிலிருந்து இறக்கிவிடுங்கள். பட்டி சரியாக இருந்தால் பிரா அதே இடத்தில் ஓரளவு நிற்கும், லூசாக இருந்தால் சரிந்துவிடும்.

எதிர்ப் பிரச்சினை, ஸ்ட்ராப் வழுக்கி விழுவது. நீளத்தைக் குறைத்துப் பாருங்கள். மாதம் ஒரு முறை குறைக்கத்தான் வேண்டும், அது துவைக்கத் துவைக்கத் தானே நீளும். அப்படியும் விழுந்தால் சரிவான தோளாக இருக்கலாம், அல்லது கப் பெரிதாக இருப்பதால் ஸ்ட்ராப்புகள் தள்ளித் தள்ளி இருக்கலாம். முதுகில் ஸ்ட்ராப்புகள் நெருங்கி வரும் மாடல் இதற்கு உதவும்.

பிளவுஸ் போட்டா கப்புக்கு மேல இன்னொரு மேடு தெரியுது

கப் சின்னது. பட்டி சரியாக இருந்தால் அதை மாற்றாமல் எழுத்தை மட்டும் ஏற்றுங்கள், 34 பி-யிலிருந்து 34 சி. இங்கேதான் எல்லோரும் 36-க்குத் தாவுகிறார்கள், பிதுங்கல் குறையும், முதுகு ஏறத் தொடங்கும், அப்புறம் ஸ்ட்ராப்பை இறுக்குவார்கள், தோளில் பள்ளம் விழும். மேலே சொன்ன இரண்டு குறைகளும் ஒரே தாவலில் வந்து சேரும்.

எனக்கு நேர் எதிர், கப் மேல்பக்கம் காலியா மடிஞ்சு நிக்குது

உடனே சின்னக் கப்புக்கு ஓடாதீர்கள். குனிந்து இழுத்துவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள். பால் கொடுத்து நிறுத்தியபின், அல்லது எடை குறைந்தபின், மார்பின் மேல்பாகம் ஒட்டிப்போய்க் கீழ்ப்பாகம் மட்டும் நிறைவாக இருப்பது சாதாரணம். முழுக் கப் மாடல் அவர்களுக்கு மேலே காலியாகத்தான் நிற்கும், அளவு சரியாக இருந்தாலும். மேல் விளிம்பு தாழ்வாக இருக்கும் மாடலையோ மெல்லிய, இழுபடும் துணிக் கப்பையோ பாருங்கள். கெட்டியான பேட் வைத்த கப் தன் வடிவத்தை விட்டுக் கொடுக்காது.

ஒரு பக்கம் பெரிசு, ஒரு பக்கம் சின்னது. ஏதாவது கோளாறா?

இல்லை. அச்சில் வார்த்த மாதிரி இரண்டும் ஒன்றாக இருப்பதுதான் அபூர்வம். பெரிய பக்கத்துக்கு அளவு எடுங்கள், சின்னப் பக்கத்து ஸ்ட்ராப்பைக் கொஞ்சம் ஏற்றுங்கள், அல்லது எடுத்துப் போடும் பேட் உள்ள பிரா வாங்கி ஒரு பக்கம் மட்டும் பேட் வையுங்கள். இத்தனை நாள் ஒன்றாக இருந்து திடீரென ஒன்று மட்டும் மாறினால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கம்பி குத்துது. கம்பி போட்டா கேன்சர் வரும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?

வராது. அமெரிக்காவின் சியாட்டிலில் உள்ள பிரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆய்வு மையம் 2014-இல் வெளியிட்ட ஆய்வு மாதவிடாய் நின்ற பெண்களிடம் இதைத்தான் பார்த்தது. எத்தனை மணி நேரம் போட்டார்கள், கம்பி இருந்ததா, எந்த வயதில் போட ஆரம்பித்தார்கள் என்று எதைக் கேட்டும் புற்றுநோயோடு தொடர்பு தெரியவில்லை. கறுப்புப் பிரா வெயிலை இழுக்கும் என்ற கதையையும் அதே குப்பைக்கூடையில் போடலாம்.

குத்துவது வேறு விஷயம். கம்பி மார்பு முடியும் இடத்தில், விலா எலும்பின் மேல் உட்கார வேண்டும். அக்குள் பக்கம் மார்பின் மேலேயே ஏறி அழுத்தினால் கப் சின்னது, கம்பி கீழே நழுவி வயிற்றுப் பக்கம் உரசினால் பட்டி பெரிது. முனை துணியைக் கிழித்து வெளியே வந்துவிட்டால் தைத்துப் போடாதீர்கள், நான் தைத்துக் கொடுத்தவையெல்லாம் பத்து நாளில் மறுபடி வெளியே வந்தன. கம்பி பிடிக்கவே இல்லையா, கம்பியில்லாததை வாங்குங்கள். யாருக்கும் கம்பி கட்டாயமில்லை.

பிளவுஸ் அளவு கொடுக்கும்போது எந்தப் பிரா போட்டு வரணும்?

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்டால் என் வேலை பாதியாகக் குறையும். அந்தப் பிளவுஸுக்குள் எதைப் போடப் போகிறீர்களோ, அதையே. டாட் என்பது மார்பின் வடிவம் வரத் துணியைக் கூம்பாக மடித்துத் தைப்பது. தோளிலிருந்து அதன் முனையான டாட் பாயிண்ட் வரை ஒரு அளவு எடுப்போம், மார்பின் முனை எங்கே வருகிறதோ அங்கே டாட் முடிய வேண்டும். தளர்ந்த பழைய பிராவோடு வந்தால் அந்தப் புள்ளி ஒரு இஞ்ச் வரை இறங்கியிருக்கும். கல்யாணத்தன்று புதுப் பிரா போடுவீர்கள், மார்பு மேலே ஏறும், டாட் கீழே தனியாகக் கூம்பி நிற்கும், கேட்டால் "டெய்லர் கெடுத்துட்டா" என்பீர்கள். பேட் வைத்ததற்கும் வைக்காததற்கும் சுற்றளவிலும் வித்தியாசம் உண்டு, அளவு பிளவுஸ் கொடுத்து அனுப்புகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பிளவுஸுக்குள்ளேயே கப் வைத்துத் தைத்துவிட்டால் பிரா வேண்டாமா என்றும் கேட்பார்கள். சின்ன மார்புக்குச் சரி. கனமான மார்புக்கு அது வடிவம் தரும், தாங்காது, ஏனென்றால் இறுக்கிப் பிடிக்கும் பட்டி அதில் இல்லை. காலையிலிருந்து ரிசப்ஷன் வரை நின்றால் சாயங்காலம் தோளும் முதுகும் சொல்லும்.

மார்புக்குக் கீழ வேர்க்குரு, அரிப்பு, சிவந்தே கிடக்கு

சித்திரை, வைகாசியில் வாரம் நாலு பேராவது கேட்கிறார்கள். மடிப்பில் வியர்வை தேங்கினால் தோல் ஊறும், அங்கே பூஞ்சை வளரும். பருத்தி வாங்குங்கள், வியர்த்தால் மதியம் ஒரு முறை மாற்றுங்கள், குளித்தபின் மடிப்பைத் துடைத்துக் காய்ந்தபிறகு போடுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் கலவை க்ரீம்களில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும், முதல் இரண்டு நாள் அடங்கின மாதிரி இருந்து பிறகு படை பரவும். ஒரு வாரத்தில் போகவில்லையென்றால் தோல் டாக்டர்.

இன்னொரு காரணம் கொடியில் இருக்கிறது. யாரும் பார்த்துவிடக் கூடாதென்று பிராவைத் துண்டுக்கோ நைட்டிக்கோ அடியில் ஒளித்துக் காயப்போடுகிறோம், அது அரை ஈரத்தோடு மறுநாள் காலை உடம்புக்கு வருகிறது. காற்றாட நிழலில் காயப்போடுங்கள். பார்க்கிறவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும்.

ஒரு பிரா எத்தனை மாசம் வரும்?

மூன்றை மாற்றி மாற்றிப் போட்டால் ஏழெட்டு மாதத்திலிருந்து ஒரு வருடம். தொடர்ந்து ஒன்றையே போட்டால் எலாஸ்டிக்குக்குச் சுருங்க நேரமே கிடைக்காது. பிரஷ் போட்டுத் தேய்ப்பது, பிழிந்து முறுக்குவது, சுடுதண்ணீர் மூன்றும் எலாஸ்டிக்கைக் கொல்லும். மெஷினில்தான் போடுவேன் என்றால் கொக்கியை மாட்டி, வலைப்பைக்குள் போடுங்கள். உள் வரிசைக் கொக்கியிலும் லூசாகிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. கொக்கி வரிசையை நீட்ட ஒரு எக்ஸ்டெண்டர் துண்டு விற்கிறது, கர்ப்பக் காலத்துக்கு நல்லது, தவறாக வாங்கிய பிராவை எப்போதும் சுமப்பதற்கு வேண்டாம்.

மாசமா இருக்கேன், பால் கொடுக்கிற பிரா இப்பவே வாங்கலாமா?

எட்டாம் மாதக் கடைசியில் இரண்டு வாங்குங்கள், மீதியைப் பிறகு. வயிறு வளரும்போது விலா எலும்பும் விரிந்திருக்கும், பிறந்தபின் சுருங்கும், அதனால் கடைசி வரிசைக் கொக்கியில் சரியாக இருப்பதை எடுங்கள். கப்பில் கொஞ்சம் இடம் விடுங்கள், பிறந்த சில நாளில் பால் கட்டும்போது தேவைப்படும். முதல் வாரங்களில் கம்பியோ இறுக்கமான ஓரமோ ஒரே இடத்தில் அழுத்தினால் அங்கே பால் தேங்கிக் கட்டிக்கொள்ளலாம். சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. பால் நிறுத்தி மூன்று மாதம் கழித்து மறுபடி டேப்பை எடுங்கள்.

ராத்திரி கழட்டிட்டுத் தூங்கினா தொங்கிப் போயிருமா?

போகாது. போட்டுத் தூங்கினாலும் கெடுதல் இல்லை, இறுக்காமல் இருந்தால் சரி. மார்பு தளர்வது வயது, கர்ப்பங்களின் எண்ணிக்கை, எடை ஏறி இறங்குவது, புகைப்பழக்கம் இவற்றால். பால் கொடுப்பதால் தளரும் என்று மருமகளைப் பயமுறுத்தும் மாமியார்களுக்கும் இதே பதில், கர்ப்பத்தின் மாற்றத்தைப் பாலின் தலையில் கட்டுகிறார்கள்.

அக்குள்கிட்ட சதை பிதுங்குது, கொழுப்பா?

பெரும்பாலும் சின்னக் கப் வெளியே தள்ளிய மார்புதான். குனிந்து இழுத்துவிட்டுப் பாருங்கள். சிலருக்கு அக்குளிலேயே மார்புத் திசு கொஞ்சம் இருக்கும், கர்ப்பத்தில் அது வீங்கும்கூட. கையில் தனியாக உருளும் புதுக் கட்டி என்றால் பிராவைப் பற்றி யோசிக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

அம்மாவுக்கு ஒரு பக்கம் எடுத்துட்டாங்க. இனி சாதாரண பிரா போட முடியுமா?

முடியும், புண் ஆறி டாக்டர் சரி சொன்னபிறகு. எடையுள்ள சிலிகான் மார்பு விற்கிறது, இல்லாத பக்கத்தில் அதை வைத்தால் இரண்டு தோளும் சமமாக நிற்கும். பஞ்சு மட்டும் வைத்தால் மேலே மேலே ஏறிக்கொண்டே இருக்கும். அதற்கென்று பாக்கெட் வைத்த பிரா வாங்கலாம், அல்லது அவருக்குப் பொருந்துகிற கம்பியில்லாத பருத்திப் பிராவை எடுத்து வாருங்கள், உள்ளே மெல்லிய பனியன் துணியில் பாக்கெட் தைத்துவிடலாம். வாயை அக்குள் பக்கம் வைத்து, தையல் மடிப்பைத் தழும்பில் படாமல் வெளிப்பக்கம் திருப்பித் தைக்க வேண்டும். உங்கள் ஊர் டெய்லரிடமும் இதை இப்படியே சொல்லுங்கள், அரை மணி நேர வேலை.